வெள்ளிக்கிழமை இறக்கிய விளக்கு

விளக்கை வரைவதற்கு முன் அம்மாவை அளந்தேன். தையல் மெஷினின் ஊசி தரையிலிருந்து எழுபத்தெட்டு சென்டிமீட்டர். அம்மா குனிந்து தைக்கும்போது அவள் கண்ணுக்கும் ஊசிக்கும் இடையே முப்பத்தொன்று. நிமிர்ந்தால் நாற்பத்தாறு. ட்யூப்லைட் அவள் முதுகுக்குப் பின்னால், சுவரின் உச்சியில் இருந்தது. அதனால் அவள் தலையின் நிழல் எப்போதும் ஊசிமுனை மேலேயே விழும். கறுப்புத் துணி தைக்கும் நாளில் தன் நிழலுக்குத் தானே வழிவிட்டு, கழுத்தைக் கோணிக்கொண்டு தைப்பாள்.

"இன்னாடி, டேப்ப வச்சிகினு சுத்திச் சுத்தி வர? எனக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்று கேட்டாள்.

லைட் செய்யப் போகிறேன் என்றேன். அதற்கு எதற்கடி என் மூக்கை அளக்கிறாய் என்றாள்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். ஒரகடத்தில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பிரிவில் வேலை. வெளியிலிருந்து வரும் பொருள்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டும் இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டும் ஒட்டுவது என் பொறுப்பு. அப்பா போன பிறகு நானும் அம்மாவும் வாலாஜாபாத் பக்கத்தில் சித்தப்பா வீட்டில் ஏழு வருடம் இருந்தோம். யாரும் எங்களை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் ஹாலில் விளக்கு எரிய வேண்டுமா, எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்பதைச் சித்தப்பாதான் சொல்வார். அம்மா பாதி தைத்த துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போவாள். எனக்கு வேலை நிரந்தரமானதும் படப்பையில் முதல் மாடியில் ஒரு ஹால், ஒரு சமையலறை உள்ள போர்ஷனுக்கு வந்தோம். அந்த ஹாலில் ஏதாவது ஒன்று நாங்கள் நினைத்த இடத்தில், நாங்கள் நினைத்த உயரத்தில் தொங்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

மரம் தொழிற்சாலையில் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து மெஷின்கள் பைன் மரப் பெட்டிகளில் வரும். பிரித்த பிறகு பலகைகள் ஸ்கிராப் யார்டில் கிடக்கும். கேட்டால் கொடுப்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், வெந்நீர் அடுப்புக்கு. நானும் படிவம் நிரப்பி, இருபது பலகை என்று எழுதி, ஹெச்.ஆர். மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, வெளியே போகும் பொருளுக்கான கேட் பாஸோடு ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எதற்கு என்ற இடத்தில் 'வீட்டு விளக்கு' என்று எழுதியிருந்தேன். மேலாளர் அதைப் படித்துவிட்டு, விளக்கு வைப்பதற்கு ஸ்டாண்டா என்று கேட்டார். விளக்கே மரத்தில்தான் என்றேன். பற்றிக்கொள்ளாதா என்றார். எல்.இ.டி. சூடாகாது சார் என்றேன்.

படப்பையில் கதவு செய்யும் ஒரு தச்சுப் பட்டறைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரம்ப மெஷினைத் தொட விட்டார். பெட்டி மரத்தில் விளக்கா, ஒரு தேக்குத் துண்டு தருகிறேன் என்று நான்கு வாரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இருபத்தெட்டு சட்டங்கள் வெட்டினேன். ஒவ்வொன்றும் விலா எலும்பு போல வளைந்தது. ஒன்றின் நீளம் இன்னொன்றுக்கு வராது. அம்மாவின் கண் இருக்கும் பக்கத்துச் சட்டங்கள் நீளமாக இறங்கி பல்பை மறைக்கும். ஊசி இருக்கும் பக்கத்துச் சட்டங்கள் குட்டையாக மேலேறி வெளிச்சத்தை விடும். பசை கிடையாது, ஆணி கிடையாது. இரண்டு மர வளையங்களில் காடிப் பள்ளம் வெட்டி, சட்டங்களைச் செருகினால் பிடித்துக்கொள்ளும். அழகுக்கென்று ஒரு கோடுகூட நான் போடவில்லை. ஆனால் மாட்டியபோது அது காற்று ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் குடை மாதிரி நின்றது. பலகையின் பழைய ஆணி ஓட்டைகள் வழியாக ஊசி ஊசியாக வெளிச்சம் வந்து சுவரில் புள்ளி வைத்தது.

கீழ்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, கோழிக்கூடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது என்றார். என் அம்மா மெஷினை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். கழுத்தைக் கோணாமல் தைத்தாள். அடுத்த வாரமே, தீபாவளிக்குத் தைத்துக் கொடுக்க வழக்கத்தைவிட அதிகமாகத் துணி வாங்கி அடுக்கினாள். அதில் பாதி கறுப்பும் கருநீலமும்.

இது வரை எல்லாம் சரி. பிறகு வந்தது என் தவறு.

பாதுகாப்பு வாரத்தில் எங்கள் தொழிற்சாலையில் ஒரு கண்காட்சி வைப்பார்கள். வீணாகும் பொருளில் செய்ததைக் கொண்டுவர வேண்டும். எங்கள் பிரிவில் யாரிடமும் ஒன்றும் இல்லை. பிரிவுத் தலைவர் என் போனில் விளக்கின் படத்தைப் பார்த்திருந்தார். மூன்று நாள், வெள்ளிக்கிழமை திருப்பிக் கொண்டுபோய்விடலாம் என்றார். செவ்வாய்க்கிழமை காலை விளக்கைக் கழற்றி, கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கேட்டில் ஆட்கள் ஒவ்வொருவராக நுழையும் சுழல் கம்பியில் விளக்கு நுழையவில்லை. கேட் காவலுக்குப் பொறுப்பான பாதுகாப்பு அதிகாரி பக்கத்துச் சின்னக் கதவைத் தானே திறந்து, இடித்துவிடாமல் போ என்று சொல்லி விட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சொந்தப் பொருள் உள்ளே வந்தால் கேட்டில் இருக்கும் உள்வரவுப் புத்தகத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். லேப்டாப், குடை விற்கிறவர் கொண்டுவரும் மாதிரிக் குடை, எதுவானாலும். எண் இல்லாமல் உள்ளே இருக்கும் பொருள் கம்பெனிப் பொருள். இது எனக்குத் தெரியாதா? சப்ளையர்களுக்காக நான் எழுதிய பரிசோதனைப் பட்டியலில் முதல் வரியே அதுதான்: உள்வரவு எண் இருக்கிறதா. மாதத்துக்கு நான்கு பேரையாவது இந்த ஒரு வரிக்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் விளக்குக்கு நானே அந்த வரியைத் தாண்டிவிட்டேன். மடியில் இருந்ததால் அது பொருள் என்றே தோன்றவில்லை போலிருக்கிறது.

விளக்குக்கு முதல் பரிசு. சான்றிதழ் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை எடுக்கப் போனபோது கண்காட்சி மேசையில் விளக்கு இல்லை. அலுவலக வரவேற்பறைக் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது. திருப்பி மாட்டியிருந்தார்கள், அதாவது நீளச் சட்டங்கள் வாசலைப் பார்த்து, குட்டைச் சட்டங்கள் சுவரைப் பார்த்து. வெளிச்சம் ஒரு பிளாஸ்டிக் செடிமேல் விழுந்தது. கீழே ஒரு சின்னப் பலகை: எங்கள் ஊழியர்களின் படைப்பு.

ஹெச்.ஆர். மேலாளர் மகிழ்ச்சியாக இருந்தார். அடுத்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், அவர்கள் போகும் வரை இருக்கட்டும் என்றார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், விளக்கின் கீழே நின்று படம் எடுத்தார்கள், போனார்கள். விளக்கு போகவில்லை. மறுபடி கேட்டபோது, இவ்வளவு பெரிய கௌரவத்தை யாராவது கழற்றுவார்களா என்று கேட்டார். மூன்றாம் முறை ஒரு தாளை நீட்டினார். இந்த விளக்கு கம்பெனி மரத்தில், கம்பெனியின் ஊக்கத்தால் என்னால் செய்யப்பட்டு, மனமுவந்து கம்பெனிக்கு அளிக்கப்பட்டது என்று அதில் இருந்தது. மரத்துக்குக் கேட் பாஸ் போட்டதே நீங்கள்தான் சார் என்றேன். மரம் வெளியே போனதற்குப் பாஸ் இருக்கிறது, விளக்கு உள்ளே வந்ததற்குப் பதிவு எங்கே என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

கையெழுத்துப் போடாமல் தாளை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். என் பிரிவுத் தலைவர் அன்று மாலை டீ குடிக்கக் கூப்பிட்டு, போட்டுவிடு, சம்பள உயர்வுக்கான அப்ரைசல் வருகிறது, இன்னொரு விளக்கு செய்துகொள்ளலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்த இன்னொரு விளக்கை யார் எந்த ஞாயிற்றுக்கிழமையில் செய்வது என்று அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா பழையபடி கழுத்தைக் கோணிக்கொண்டிருந்தாள். வாங்கி அடுக்கிய துணிகள் அப்படியே இருந்தன. கறுப்பையும் கருநீலத்தையும் பகல் வெளிச்சத்துக்கு என்று ஒதுக்கி, வாசலோரம் தரையில் உட்கார்ந்து கையால் தைத்தாள். ஐப்பசி மாதம், மழை வேறு. நான்கு மணிக்கே இருட்டியது. ஒரு வெல்வெட் ரவிக்கையில் கைக்குழியை மாற்றி வெட்டிவிட்டாள். இருபது வருடத்தில் அவள் அப்படி வெட்டி நான் பார்த்ததில்லை.

"குடுத்துட்டு வந்துட்டியா அத?" என்று கேட்டாள்.

"குடுக்கல. அவங்க வச்சிக்கினாங்க."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்? வூட்ல இல்ல. அவ்ளோதான்."

அன்று உட்கார்ந்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஐந்து குறிப்புகள். விளக்கு யாருடையது, மரம் எப்படி வந்தது, உள்வரவு பதியாதது என் தவறு, அந்தத் தவறால் உரிமை மாறாது, வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குள் விளக்கு என் கைக்கு வராவிட்டால் நானே இறக்கிக்கொள்வேன். ஹெச்.ஆருக்கும் என் பிரிவுத் தலைவருக்கும் அனுப்பினேன். பதில் வரவில்லை. யாரும் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் உயரத்தில் வேலை செய்வதற்கான அனுமதிப் படிவத்தை நிரப்பினேன். இரண்டு மீட்டருக்கு மேல் ஏணியில் ஏறினால் எங்கள் இடத்தில் அது கட்டாயம். ஏணியின் பரிசோதனைத் தேதி, ஹெல்மெட், இடுப்பு பெல்ட், கீழே தடுப்பு நாடா, மின் இணைப்பு துண்டிப்பு, எல்லாவற்றுக்கும் டிக். விபத்துத் தடுப்பைக் கவனிக்கும் பாதுகாப்புப் பொறியாளர் படித்துப் பார்த்தார். வேலையின் பெயர் என்ற இடத்தில் 'சொந்த விளக்கை இறக்குதல்' என்று இருந்தது. அந்த இடத்தில் பேனாவை இரண்டு முறை தட்டினார். படிவத்தில் பிழை இல்லை. யாருடைய விளக்கு என்று கேட்க அதில் கட்டமும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொள் என்று மட்டும் சொன்னார்.

ஐந்து முப்பத்தைந்துக்கு ஏறினேன். கொக்கியிலிருந்து விளக்கை எடுக்கும் நேரத்தில் மேலாளர் அறையிலிருந்து வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். பதறிப்போய் வந்தார்.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை அதுவுமா, விளக்கு வைக்கிற நேரத்துல விளக்க எடுத்துட்டுப் போவாங்களா? கம்பெனிக்கு நல்லதாம்மா அது?"

ஒரு கையில் ஏணி, ஒரு கையில் விளக்கு. கீழே பார்த்துச் சொன்னேன்:

"வெள்ளிக்கிழமை அதுவுமா எங்க வீட்டுக்கு வருது சார்."

பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. நான் இறங்கி, தடுப்பு நாடாவைச் சுற்றி எடுத்து, ஏணியைத் திருப்பிக் கொடுத்து, படிவத்தில் வேலை முடிந்தது என்று எழுதி முடிக்கும் வரை பேசிக்கொண்டே இருந்தார். இங்கிருந்து இறக்கிவிடலாம், கேட்டைத் தாண்ட முடியாது என்பது அதன் சாரம். நான் நடந்து போவதற்குள் கேட்டுக்குப் போன் போய்விட்டது.

பாதுகாப்பு அதிகாரி முன்னாள் ராணுவத்துக்காரர், சங்கரன்கோவில் பக்கம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"பாஸ் கொண்டா, இப்பவே விட்டுருதேன். பாஸ் இல்லாம நான் என்ன செய்யம்மா?"

பாஸ் தர மாட்டார்கள், உங்களுக்கே தெரியும் என்றேன். அப்படியானால் விளக்கை உள்ளே வைத்துவிட்டு நீ மட்டும் போ என்றார். நான் மட்டும் போகவில்லை. கேட் அறைக்கு எதிரே இருந்த சிமெண்ட் பெஞ்சில் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

படப்பை பஸ் நிரம்பியது. லைனில் வேலை செய்யும் பெண்கள் கடந்து போகும்போது என்னவென்று கேட்டார்கள். சொன்னேன். அதற்குள் ஒருத்தி, "கொழந்தைக்கு மொட்ட அடிக்க வந்தாப்ல மடில வச்சிகினு கீது பாரு" என்றாள். இன்னொருத்தி, "நீ விட்ராதக்கா, உக்காந்துகினே இரு, டிபன் வோணுமா?" என்று தன் டப்பாவில் மீந்திருந்த லெமன் சாதத்தைக் கொடுத்துவிட்டு பஸ் ஏற ஓடினாள். பஸ் போனது. நான் லெமன் சாதம் சாப்பிட்டேன். மேலாளரின் கார் வெளியே போனது. கண்ணாடி இறங்கவில்லை. பிறகு என் பிரிவுத் தலைவரின் பைக். அவர் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை.

ஏழு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்தார். எதிரில் நின்றார்.

"இங்கனயே இருக்கப் போறியா?"

"ஆமாம் சார்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் எனக்கு டூட்டிதான். எழுந்து உள்ள போவேன். சாயங்காலம் வந்து உக்காருவேன்."

எதற்கு இவ்வளவு என்று கேட்டார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஊசியின் உயரத்தையும் சொன்னேன். அவர் விளக்கின் ஒரு சட்டத்தை விரலால் தடவி, காடி எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்தார். பிறகு அறைக்குள் போனார். நீண்ட நேரம் வரவில்லை. வந்தபோது கையில் உள்வரவுப் புத்தகம் இருந்தது. பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். தாமதப் பதிவு என்று ஒரு பக்கம். கிட்டத்தட்ட காலி. உள்ளே வந்தபோது விட்டுப்போன பொருளைப் பின்னால் சேர்ப்பதற்கு. அதில் இரண்டு பேர் காரணம் எழுத வேண்டும். பொருளின் சொந்தக்காரர், அன்று கேட்டில் இருந்தவர்.

"இதுல எழுதினா நம்பர் விழும். நம்பர் விழுந்தா நானே வெளிய விடலாம், யார்ட்டயும் கேக்க வேண்டாம்" என்றார். "ஆனா அன்னைக்குக் கதவத் தொறந்து விட்டது நாந்தான். நாந்தான் எழுதணும்."

எழுதினால் உங்களுக்குக் கஷ்டம் வருமா என்று கேட்டேன்.

"பாஸ் இல்லாம விடாதன்னு போன் வந்துச்சு. பதிவு எழுதாதன்னு யாரும் சொல்லல."

முதலில் நான் எழுதினேன். 'விதி தெரிந்தும் பதியாமல் கொண்டுவந்தேன். என் தவறு.' இரண்டு வாரமாக ஒரு தாளில் கையெழுத்துப் போட மறுத்தவள், இதை எழுத ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அவர் என் கீழே, பெரிய பெரிய எழுத்தில், 'பார்த்தேன். பதியச் சொல்லவில்லை' என்று எழுதி, பெயரையும் எண்ணையும் போட்டார். சின்னக் கதவைத் திறந்தார். இந்த முறையும் இடித்துவிடாமல் போ என்றார்.

படப்பைக்கு ஷேர் ஆட்டோவில் வந்தேன். டிரைவர் விளக்குக்கும் ஒரு ஆள் கணக்குப் போட்டார். நான் ஒத்துக்கொண்டேன்.

அம்மா கதவைத் திறந்தாள். விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். நான் மாட்டும் வரை ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவிட்சைப் போட்டபோது சொன்னது ஒன்றுதான்:

"நாலு விரக்கட தாழ மாட்டு. அப்ப மாட்டினப்பவே சொல்லணும்னு இருந்தேன்."

தாழ மாட்டினேன். அவள் மூக்கை அளந்தவள் நான். ஆனால் அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை எனக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டு மெமோ வந்தது. கம்பெனிப் பொருளை அனுமதியின்றி இடம் மாற்றியது ஏன்? பதிவு எண்ணை இணைத்தேன், அனுமதிப் படிவத்தை இணைத்தேன். பாதுகாப்பு அதிகாரிக்கும் ஒரு மெமோ போனது. அவர் ஒரு வரியில் பதில் எழுதியதாகச் சொன்னார், என்ன வரி என்று சொல்லவில்லை. அந்த வருட அப்ரைசலில் 'குழுவோடு ஒத்துப்போதல்' என்ற இடத்தில் எனக்கு ஒரு படி குறைந்தது. பிரிவுத் தலைவர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன்.

வரவேற்பறைக்கு இன்னொன்று செய்து தர முடியுமா என்று, ஆளை மாற்றி ஆளை விட்டு, இரண்டு முறை கேட்டார்கள். முடியாது என்றேன். வரைபடமாவது கொடு என்றார்கள். அது என் அம்மா உட்காரும் விதத்துக்கு வரைந்தது, உங்கள் செடிக்குப் பொருந்தாது என்றேன்.

மெமோவோடு வந்த படிவம் நாங்கள் சப்ளையர்களுக்கு அனுப்பும் அதே படிவம்தான். தவறு என்ன, காரணம் என்ன, உடனே செய்தது என்ன என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பினேன். கடைசிக் கட்டம், இது மறுபடி நிகழாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்பது. சப்ளையர்கள் யாராவது அதைக் காலியாக விட்டால் நான் படிவத்தையே திருப்பி அனுப்புவேன். அதனால் காலியாக விடவில்லை. 'உள்வரவு எண் வாங்குவேன். விளக்கை மறுபடியும் இறக்குவேன்' என்று எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன்.